மலிவான மாத்திரையின் மதிப்பு

அந்த அம்மாவுக்கு வயது எழுபதை நெருங்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். புறங்காலில் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். விழுந்த குழி நிரம்பச் சில நொடிகள் ஆயின. “கிட்னி போயிடுச்சாங்கய்யா? கால் வீங்குனா கிட்னிதான்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க” என்றார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

“என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?” என்றேன். மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார். எல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கத்தரியால் வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டுகள். ஒன்றில் பெயரின் பின்பாதி மட்டும் இருந்தது. இன்னொன்றில் காலாவதித் தேதி மட்டும். பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எது என்னவென்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்று அம்லோடிபின் 5 மில்லிகிராம். மற்றொன்று வேறொரு மருத்துவர் எழுதிய கூட்டு மாத்திரை. டெல்மிசார்டனோடு அதற்குள்ளும் அம்லோடிபின் 5 மில்லிகிராம். இரண்டையும் காலையில் ஒன்றாக விழுங்கி வந்திருக்கிறார். மூன்றாவது, கால் வீக்கத்துக்கென்று எழுதித் தந்த நீர் மாத்திரை. அதைத் தொடங்கியதிலிருந்து படுக்கையை விட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது. வீக்கமோ அப்படியே இருக்கிறது.

பரிசோதித்துப் பார்த்ததில் அவருடைய சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. ஒரே மருந்து இரண்டு பெயர்களில் உடம்புக்குள் போய்க்கொண்டிருந்ததுதான் வினை.

“இதைவிட நல்ல பிரஷர் மாத்திரை இல்லையா டாக்டர்?” என்று தினமும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். அம்லோடிபின் உள்ளிட்ட கால்சியம் தடுப்பு மருந்துகளில் எது மேல் என்பதற்கு மருத்துவ உலகம் பெரும் ஆய்வுகளின் வழியே தெளிவான பதில்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தப் பதில்கள் மஞ்சப்பை வரைக்கும் வந்து சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தவளை இதயமும் குழாய்த் தண்ணீரும்

இந்த மருந்துகளின் கதை 1880களின் லண்டனில் தொடங்குகிறது. சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் செய்ய வேண்டிய கரைசல், ஆய்வகத்தில் நேர்ந்த தவறால் லண்டன் குழாய்த் தண்ணீரில் செய்யப்பட்டிருந்தது. அதில் இதயம் நெடுநேரம் துடித்தது. தவறைத் திருத்தித் தூய நீரில் செய்தபோது துடிப்பு விரைவில் ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வேறுபாடு என்று 1883இல் ரிங்கர் எழுதினார். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்ற உண்மை அப்படித்தான் வெளிப்பட்டது.

எண்பதாண்டுகள் கழித்து, ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன் இதன் மறுபக்கத்தைக் கண்டார். வெரபமில் என்ற மருந்தைக் கொடுத்தால், கால்சியத்தை அகற்றியது போலவே இதயத்தசையின் சுருக்கம் தளர்ந்தது. செல்லின் சுவரில் கால்சியம் நுழையும் வாசலை இந்த மருந்து அடைக்கிறது என்பது பின்னர் விளங்கியது. ரத்தக் குழாயின் சுவரிலும் தசை உண்டு. அங்கே கால்சியம் நுழைவது குறைந்தால் தசை தளரும், குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். மருந்தின் வேலை இவ்வளவுதான்.

“கால்சியத்தைத் தடுத்தால் எலும்பு தேய்ந்துவிடாதா? கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?” என்று பலர் அஞ்சுகிறார்கள். எலும்பில் சேரும் கால்சியத்தை இந்த மருந்துகள் தொடுவதில்லை. பாலோ கேழ்வரகோ ஒதுக்கவேண்டியதில்லை. இந்தப் பயத்தாலேயே மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஒரே குடும்பம், இரண்டு குணம்

கால்சியம் தடுப்பு மருந்துகள் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவற்றில் இரண்டு பிரிவுகள் உண்டு. வெரபமிலும் டில்டியாஸெமும் ஒரு பிரிவு. இவை ரத்தக் குழாயைத் தளர்த்துவதோடு இதயத்துடிப்பின் வேகத்தையும் குறைக்கும். மறுபிரிவு, பெயர் ‘டிபின்’ என்று முடிபவை: நிஃபெடிபின், அம்லோடிபின், ஃபெலோடிபின், சில்னிடிபின் முதலியவை. இவற்றின் வேலை பெரும்பாலும் ரத்தக் குழாயோடு நின்றுவிடும்.

இந்த வேறுபாட்டை அறியாமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுப்பது ஆபத்து. அட்டனலால், மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளைச் சாப்பிடுபவருக்கு வெரபமிலோ டில்டியாஸெமோ சேர்ந்தால், துடிப்பு மிகவும் குறைந்து மயங்கி விழ நேரலாம். இதயம் சுருங்கும் திறன் குறைந்து இதயச் செயலிழப்பு வந்தவர்களுக்கும் இந்த இரண்டும் ஆகாது. அத்தகையவருக்கு ரத்த அழுத்தத்துக்கென்று கால்சியம் தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அம்லோடிபினையே நாடுவார்கள். வெரபமிலில் மலச்சிக்கல் சாதாரணம். அதற்காக இவை மோசமான மருந்துகள் ஆகிவிடா. துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவருக்கும் நெஞ்சுவலி உள்ள சிலருக்கும் டில்டியாஸெம் அருமையான துணை. ஆனால், வேறு சிக்கல் இல்லாத ரத்தக் கொதிப்புக்கு இன்று முதலில் எழுதப்படுபவை ‘டிபின்’ பிரிவைச் சேர்ந்தவையே.

வேகம் தந்த பாடம்

‘டிபின்’களில் மூத்தது நிஃபெடிபின். 1970களின் நடுவில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. அதன் கேப்சூலைக் கடித்தோ துளையிட்டு நாக்கின் அடியில் பிழிந்தோ கொடுத்தால், சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். 200ஐக் காட்டிய கருவி 150ஐக் காட்டும்போது மருத்துவருக்கும் நிம்மதி, வீட்டாருக்கும் நிம்மதி. உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் இது வழக்கமாகவே ஆகிப்போனது.

அந்த வேகமே வினையாயிற்று. பல ஆண்டுகள் உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் இதயத்துக்கும் திடீர்ச் சரிவைத் தாங்க முடிவதில்லை. ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்தன. 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கிராஸ்மன், மெஸ்ஸெர்லி உள்ளிட்ட மருத்துவர்கள், இந்த வழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றே எழுதினார்கள். கர்ப்பகால ரத்தக் கொதிப்பில், மருத்துவமனைக் கண்காணிப்பில், நிஃபெடிபின் இன்றும் தாயைக் காக்கும் மருந்து. மற்றவர்களுக்கு மெதுவாகக் கரையும் மாத்திரை வடிவில்தான் அதற்கு இடம் இருக்கிறது.

இந்தப் பாடம் வீடுகளுக்குத் தேவை. கையில் கட்டும் பி.பி. கருவிகள் பெருகிவிட்ட காலம் இது. இரவு பத்து மணிக்கு 180 என்று காட்டியதும் வீடே பதறுகிறது. ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் போன்ற எந்த அறிகுறியும் இருந்தால் அந்த நொடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறி ஏதும் இல்லையென்றால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளந்து பார்க்கலாம். அப்போதும் அதிகம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். எண்ணை அவசரமாக இறக்குவதால் நன்மை இல்லை.

மெதுவாக வேலை செய்து நெடுநேரம் நிற்கும் மருந்துக்கான தேவையைத்தான் அம்லோடிபின் நிறைவு செய்தது. இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரிலிருந்த ஃபைசர் ஆய்வகத்தில் உருவாகி, 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் நாளைக்கு ஒருமுறை போதும். ஒருவேளை தவறினாலும் அழுத்தம் உடனே எகிறாது. அதே காரணத்தால் முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் பொறுக்கவும் வேண்டும். காலையா இரவா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் பிரஷர் மாத்திரைகளைக் கொண்டு நடந்த ‘டைம்’ ஆய்வு, எந்த வேளையில் சாப்பிட்டாலும் பாதுகாப்பு ஒன்றே என்று 2022இல் காட்டியது. மறக்காமல் சாப்பிட முடிகிற வேளையே நல்ல வேளை.

சான்று எதன் பக்கம்?

ரத்த அழுத்த மருந்தை எடைபோட இரண்டு அளவுகோல்கள் உண்டு. அழுத்தத்தை எத்தனை புள்ளி குறைக்கிறது என்பது முதலாவது. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் மரணத்தையும் தடுக்கிறதா என்பது இரண்டாவது. முதலாவதைச் சில வாரங்களில் காட்டிவிடலாம். இரண்டாவதைக் காட்ட ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அம்லோடிபின் இந்த இரண்டாவது தேர்வைப் பலமுறை எழுதியிருக்கிறது.

‘ஆல்ஹாட்’ என்ற ஆய்வு 33,000க்கும் மேற்பட்டோரை ஈடுபடுத்தி வட அமெரிக்காவில் நடந்தது. 2002இல் முடிவு வந்தது. மாரடைப்பையும் அதனால் வரும் மரணத்தையும் பொறுத்தவரை அம்லோடிபினும், குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரையும், லிசினோபிரிலும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் மட்டும் அம்லோடிபின் குளோர்தாலிடோனுக்குப் பின்தங்கியது. இந்தக் குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2005இல் வெளியான ‘ஆஸ்காட்’ ஆய்வில் 19,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அம்லோடிபினில் தொடங்கி, தேவைக்குப் பெரிண்டோபிரில் சேர்த்தவர்களிடம், அட்டனலாலில் தொடங்கியவர்களைவிடப் பக்கவாதம் 23 சதவீதம் குறைவாக வந்தது. பெனாஸெபிரிலோடு எதைச் சேர்ப்பது என்று பார்த்த 2008ஆம் ஆண்டின் ‘அகாம்ப்ளிஷ்’ ஆய்வில், அம்லோடிபின் சேர்த்தவர்களிடம் 9.6 சதவீதத்தினருக்கும், ஹைட்ரோகுளோரோதையஸைடு என்ற நீர் மாத்திரை சேர்த்தவர்களிடம் 11.8 சதவீதத்தினருக்கும் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் நேர்ந்தன.

இத்தனை தேர்வுகளைத் தாண்டிய மருந்து, காப்புரிமைக் காலம் முடிந்து, இன்று நம் கடைகளில் மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. விலை குறைந்ததற்குக் காரணம் காப்புரிமை முடிந்ததே, தரம் குறைந்ததன்று. “கவர்ன்மென்ட் மாத்திரைதானே, அதில் என்ன பவர் இருக்கும்?” என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

புதிய ‘டிபின்’கள்

கடந்த சில ஆண்டுகளாகச் சில்னிடிபின், பெனிடிபின், அஸெல்னிடிபின் என்று புதிய பெயர்கள் சீட்டுகளில் நிறையத் தென்படுகின்றன. இவை பெரும்பாலும் ஜப்பானில் பிறந்தவை. சில்னிடிபின், ரத்தக் குழாய்த் தசையின் கால்சியம் வாசலோடு, பரிவு நரம்பின் நுனியில் உள்ள இன்னொரு வகை வாசலையும் அடைக்கிறது. அதனால் கால் வீக்கம் குறைவு, படபடப்பும் குறைவு. சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைப்பதில் அம்லோடிபினைவிட மேலாகச் செயல்பட்டதை ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அம்லோடிபினால் கால் வீங்கி அவதிப்படுபவருக்கு இது உண்மையான மாற்று, நானும் எழுதுகிறேன்.

ஆனால், முதல் மாத்திரையாகவே இவற்றை எழுதுவதற்குப் போதிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுப்பதில் அம்லோடிபினுக்கு உள்ள அளவுக்குப் பெரிய சான்று இவற்றுக்கு இல்லை. மாதாமாதம் ஆகும் செலவு கூடும்போது, வயதான ஏழை ஒருவர் பத்து நாள் மாத்திரை வாங்கி முப்பது நாளுக்கு ஓட்டப் பார்ப்பார். புதிய மருந்தின் சிறு மேன்மை அந்த இருபது நாளில் கரைந்துபோகும்.

எஸ்-அம்லோடிபின் பற்றியும் ஒரு சொல். அம்லோடிபினில் கண்ணாடி பிம்பம் போல இரண்டு பாதிகள் உண்டு. வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்து எடுத்தது இது. ஆகவே இதில் 2.5 மில்லிகிராம் என்பது சாதாரண அம்லோடிபினில் 5க்குச் சமம். “பவர் கம்மி” என்று நினைத்து இரண்டு போட்டுக்கொள்வது வீண் வம்பு.

கால் வீங்கினால்

அந்த அம்மாவின் காலுக்கு வருவோம். அம்லோடிபின், ரத்தத்தைக் கொண்டுவரும் நுண்தமனிகளை விரிக்கிறது. திருப்பி எடுத்துச்செல்லும் சிரைகளை அவ்வளவாக விரிப்பதில்லை. வாய்க்காலில் வரத்து கூடி வடிகால் அப்படியே இருந்தால் வயலில் தண்ணீர் தேங்குமல்லவா? அதுபோல, நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிந்து, சாயங்காலமானால் கணுக்காலில் தங்குகிறது. உடம்பில் உப்பும் நீரும் மிகுந்து வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரைக்கு இது எளிதில் மசியாது. வீண் தலைச்சுற்றலும் சோர்வும்தான் மிஞ்சும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயாக எண்ணி இன்னொரு மருந்தை எழுதும் இந்தச் சங்கிலியை, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து முதியவர்களிடம் ஆராய்ந்து 2020இல் பதிவுசெய்திருக்கிறார்கள். இது நம் ஊர்க் கதை மட்டுமன்று.

வீக்கம் மருந்தின் அளவோடு ஏறும். மருந்தின் அமெரிக்கக் குறிப்பேட்டின்படி 5 மில்லிகிராமில் நூற்றுக்கு 3 பேருக்கும், 10 மில்லிகிராமில் சுமார் 11 பேருக்கும் வருகிறது. பெண்களுக்குக் கூடுதல். எனவே முதலில் அளவைக் குறைக்கலாம். டெல்மிசார்டன் போன்ற மருந்தைச் சேர்க்கலாம். அது சிரையையும் விரித்து வடிகாலைத் திறந்துவிடும். அதுவும் போதவில்லை என்றால் சில்னிடிபினுக்கு மாறலாம். எதையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல், முகம் வீங்குதல், சிறுநீரில் நுரை என்றால் காரணம் வேறாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது. ஈறு தடித்தாலும் சொல்லுங்கள். அதுவும் இந்த மருந்தின் வேலையாக இருக்கலாம். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் இதன் அளவு ரத்தத்தில் ஏறும் என்பதால், சளிக் காய்ச்சலுக்குப் போனாலும் பிரஷர் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

பெயரைச் சொல்ல முடிய வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியாவில் 30 முதல் 79 வயதுள்ளவர்களில் சுமார் 18.8 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக மதிப்பிட்டது. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கே அது கட்டுக்குள் இருந்தது. பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் போக வேண்டிய தூரம் அதிகம். 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்னெடுப்பு, எளிய நெறிமுறை, சில தரமான மருந்துகள், தடையில்லா வழங்கல் என்ற வழியைக் காட்டியது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும், மக்கள் மருந்தகங்களும் விலையைத் தாழ்த்தியிருக்கின்றன. இவை பெரிய சாதனைகள்.

இவற்றோடு மூன்றைச் செய்ய வேண்டும். முதலாவது, கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கான மாத்திரையை ஒன்றாகக் கொடுப்பது. வயல் வேலையையும் நூறு நாள் வேலையையும் விட்டுவிட்டு மாதாமாதம் வரிசையில் நிற்க முடியாமல் நிறுத்துபவர்கள் உண்டு. இரண்டாவது, அரசு கொடுக்கும் பிரஷர் மாத்திரையின் தோற்றமும் அட்டையின் நிறமும் கூடுமானவரை மாறாதிருப்பது. ஒவ்வொரு கொள்முதலுக்கும் வெள்ளை மஞ்சளாகி, வட்டம் முட்டையாகும்போது, முதியவர்கள் பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்குகிறார்கள்.

மூன்றாவதையே முக்கியமாகக் கருதுகிறேன்: பெயர். கூட்டு மாத்திரைகளின் வணிகப் பெயருக்குப் பின்னால் ‘ஏ.எம்.’ என்றிருந்தால் அம்லோடிபின், ‘எச்’ என்றிருந்தால் நீர் மாத்திரை என்று மருத்துவர்களுக்குத் தெரியும், சாப்பிடுபவருக்குத் தெரியாது. 300 முன்னணி மருந்துகளின் உறையில் கியூஆர் குறியீடு வேண்டும் என்ற விதி 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் நான்கு மாத்திரையாகக் கத்தரித்துக் கொடுக்கும்போது குறியீடும் போகிறது, பெயரும் போகிறது. துண்டு அட்டையை, மருந்தின் மூலப்பெயரும் அளவும் தமிழில் எழுதிய சிறு உறையில் போட்டுத் தருவதைக் கட்டாயமாக்கலாம். அரசு மருந்தகங்களே தொடங்கிவைக்கலாம். பெரிய செலவு இல்லை. மருத்துவர்களாகிய நாங்களும் சீட்டில் மூலப்பெயரைப் புரியும்படி எழுதி, வாயால் ஒருமுறை சொல்லி, திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்குத் தனி அம்லோடிபினையும் நீர் மாத்திரையையும் நிறுத்தி, கூட்டு மாத்திரையை மட்டும் தொடரச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து வந்தார். காலில் செருப்புத் தடம் லேசாகத்தான் இருந்தது. தலைச்சுற்றல் போயிருந்தது. ரத்த அழுத்தம் 136/80. “மாத்திரை பேரு என்னன்னு ஞாபகம் இருக்காம்மா?” என்றேன்.

“அம்லோடிபின்தானே? காலை டிபனோட சாப்பிடுற டிபின்னு மனசுல வச்சுக்கிட்டேன். கடைத் தம்பிகிட்டயும் சொல்லிட்டேன்யா, பேரு இருக்கிற பக்கத்தை விட்டுட்டு வெட்டாதப்பான்னு” என்றார்.